புரியவில்லை என்று எழுதிய சீட்டுகள்

எழுதிப் பழக்கமில்லாதவர் கதை சொல்ல முன்வருவது சற்று அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசிப்போர் பொறுத்தருள வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லத் தகுதியுடைய பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் இதை எடுத்து வைக்கக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும், டெய்சி அவர்களுக்கு நேர்ந்ததை வேறு எவரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்த பிறகு பேசாமல் இருப்பதும் சரியாகப் படவில்லை. குறைகளுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், சூலூரைத் தாண்டிய ஒரு சுயநிதிக் கல்லூரியில் டெய்சி பணிபுரிந்தார். பி.காம். மாணவர்களுக்குப் புள்ளியியல் தாள் எடுப்பவர். ஒன்பது ஆண்டு அனுபவம். காலை ஏழேகாலுக்கு உக்கடத்தில் கல்லூரிப் பேருந்து ஏறினால் மாலை ஐந்தரைக்குத் திரும்ப இறங்குவார். குரலை உயர்த்திப் பேசி அவரைக் கண்டவர் இல்லை. மாணவர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்பார். ஐம்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில், "புரிஞ்சுதுங்க மேம்!" என்பார்கள். அந்தக் குரலில் அவருக்கு ஒன்பது ஆண்டுகளாக எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

அவ்வாண்டு ஜூன் மாதக் கடைசியில், இரண்டாம் ஆண்டு 'பி' பிரிவுக்கு வைத்த முதல் வகுப்புத் தேர்வில்தான் சந்தேகம் வந்தது. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்டவிலக்கம் பற்றிய கணக்கில் நாற்பத்தொரு பேர் சூத்திரத்தை மட்டும் அழகாக எழுதி, அடிக்கோடிட்டு, அத்துடன் நிறுத்தியிருந்தார்கள்.

"போன வாரம் கேட்டப்ப எல்லாரும் புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே?" என்றார் டெய்சி.

வகுப்பு தலைகுனிந்தது. கடைசி வரிசையிலிருந்து மிதுன் எழுந்தான். பேச ஆள் இல்லாத இடத்தில் பேசுவதற்கென்றே பிறந்தவன் அவன்.

"மேம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரு மணி நேரம் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக் குடுக்கறீங்க. அதுக்கப்புறம் எந்திரிச்சு புரியலீங்கன்னா நல்லாவா இருக்கும்? விருந்துக்குப் போன ஊட்டுல சோறு வேகலைன்னு சொல்ற மாதிரிங்க."

வகுப்பு சிரித்தது, டெய்சியும் சிரித்தார். ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்பது ஆண்டுகளாகத் தமக்குக் கிடைத்து வந்தது பதில் அல்ல, உபசாரம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மே மாதத்தில் ஆசிரியர்களுக்கென்று ஐந்து நாள் பயிற்சி முகாம் நடந்திருந்தது. நல்ல கற்பித்தலுக்குரிய நெறிகளைப் பயிற்சி தர வந்தவர் ஒவ்வொன்றாக விளக்கினார். மாணவர் வாய் திறக்க வேண்டும். தவறு செய்ய அஞ்சக் கூடாது. செய்த தவறுக்கு அடுத்த நாளே பதில் கிடைக்க வேண்டும். மற்றவர்கள் சான்றிதழுடன் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். டெய்சி அவற்றை நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு யோசனையைச் செய்து பார்ப்பதென்று முடிவு செய்தார்.

மறுவாரம் வகுப்புக்கு ஒரு ரஸ்க் டப்பாவைக் கொண்டு வந்தார். தகர டப்பா, மூடியில் சிறிய நசுங்கல். ஒருபக்கம் அச்சடித்து வீணான தாள்களைக் கால் கால் துண்டாக அவரே கத்தரித்திருந்தார்.

"கடைசி மூணு நிமிசம். இன்னைக்கு எது புரியலையோ அதை மட்டும் எழுதிப் போடுங்க. நாளைக்கு வந்து பதில் சொல்றேன். ரோல் நம்பர் மட்டும் போட்டுருங்க. யாருக்குப் பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியணுமில்லீங்களா?"

"மார்க்கு குறைப்பீங்களா மேம்?" என்று ஒரு குரல் கேட்டது.

"மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. இதை என்னைத் தவிர வேற யாரும் பாக்க மாட்டாங்க. நான் சொல்றேன்."

முதல் மூன்று வாரம் டப்பா நிறைய நன்றியறிதல்தான் சேர்ந்தது. 'எல்லாம் புரிந்தது மேம், நன்றி.' 'நீங்கள் நடத்தும் விதம் அருமை.' 'தங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது.' மிதுன் மட்டும், 'சாப்பாட்டுக்கு முந்தின பீரியடு கணக்கு வேண்டாமே ப்ளீஸ்' என்று எழுதி, ரோல் நம்பரையும் ஒழுங்காகப் போட்டிருந்தான்.

நான்காம் வாரம் ஒரு சீட்டு வேறு மாதிரி வந்தது. 'சராசரியைக் கழித்து வரும் எண்ணை எதற்காக வர்க்கப்படுத்துகிறோம்? கழித்தல் குறியை மட்டும் நீக்கிவிட்டுக் கூட்டினால் ஆகாதா?'

ரோல் நம்பர் இருபத்து மூன்று, கனிஷ்கா. சன்னலோரம், மூன்றாம் வரிசை. காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர்; கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவள். அதுவரை அவள் குரலை டெய்சி தனியாகக் கேட்டதில்லை.

டெய்சி அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். தம்மிடமும் அதற்கு நேரான பதில் இல்லை என்று தெரிந்தது. சூத்திரம் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அவருக்குக் கற்பித்தவர்களும் அவ்வளவுதான் சொன்னார்கள். அடுத்த நாள் வகுப்பில் அதை மறைக்காமல் சொன்னார்.

"இப்படி ஒரு கேள்வி வந்திருக்குங்க. எனக்கு உடனே பதில் தெரியலை. உங்களுக்கு ஏதாவது தோணுதுங்களா?"

ஓர் ஆசிரியர் தெரியவில்லை என்று சொல்லி அந்த வகுப்பு கேட்டதில்லை.  கேள்வி கேட்டவளே தயங்கி எழுந்தாள்.

"மேம், எங்க ஊட்டுல தேங்காக் களம் வெச்சிருக்கறோமுங்க. கொப்பரை காயப் போட்டு மூட்டை புடிப்போம். ரெண்டு மூட்டையிலயும் ஈரம் சராசரி ஆறு சதம்னே வெச்சுக்கலாமுங்க. ஒண்ணுல எல்லாமே அஞ்சு, ஆறு, ஏழு. அது ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணுல எல்லாம் அஞ்சு, நாலே நாலு மட்டும் பதினாலு. அந்த நாலுல பூசணம் புடிச்சு மூட்டையே போயிருமுங்க."

"சரி..."

"அப்ப, கொஞ்சம் தள்ளி இருந்தா பரவால்லை, ரொம்பத் தள்ளி இருந்தாத்தான் ஆபத்துங்க. வர்க்கம் போட்டா ரெண்டு நாலாகுது. எட்டு அறுபத்து நாலாகுது. பெரிய தப்பை இன்னும் பெருசாக் காட்டறதுக்குத்தானுங்களா?"

டெய்சி சாக்கட்டியை எடுத்து அந்த எண்களைப் பலகையில் எழுதத் தொடங்கினார். அதற்குள் வேறொருத்தி, அப்படியானால் கழித்தல் குறியை மட்டும் நீக்கும் முறை எங்கே உதவும் என்று கேட்டாள். மிதுன் ஒரு கிரிக்கெட் உதாரணம் சொன்னான்; அது தவறாக இருந்தது; ஏன் தவறு என்று நான்கு பேர் அவனுடன் சண்டை பிடித்தார்கள். மணி அடித்தபோது எவரும் எழவில்லை. ஒன்பது ஆண்டுகளில் டெய்சி நடத்திய வகுப்புகளில் வகுப்பு என்று சொல்லத்தக்கது அதுதான் என்று, பின்னர் ஒருமுறை, அவரே சொன்னார்.

அன்று முதல் டப்பாவில் 'புரியவில்லை' விழத் தொடங்கியது. நாளுக்குப் பத்து, பதினைந்து. கனிஷ்காவிடமிருந்து ஏறக்குறைய தினமும் ஒன்று. பதில் சொல்லத் தெரிந்ததற்கு டெய்சி அடுத்த நாளே பதில் சொன்னார். தெரியாததற்குச் சேர்ந்து தேடினார்கள். அடுத்த தேர்வில் திட்டவிலக்கக் கணக்கை விட்டுவிட்டவர்கள் ஒன்பது பேர் மட்டுமே.

செப்டம்பர் மூன்றாம் வாரம், துறைத் தலைவர் பாலகோபால் ஆசிரியர் அறைக்கு வந்தார். கல்லூரிக்குத் தரம் நிர்ணயிக்கும் மதிப்பீட்டுக் குழு அக்டோபரில் வரவிருந்தது. ஒரு மாதமாக அவர் கோப்புகளோடு அலைந்து கொண்டிருந்தார். டெய்சியின் மேசை மேலிருந்த டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னங்க மேடம், பலகாரமா? எங்களுக்கெல்லாம் கண்ணுல காட்டவே இல்லையே!" என்று மூடியைத் திறந்தார். சீட்டுகளைக் கண்டு, ஒன்றிரண்டை எடுத்துப் படித்து, மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு துறையும் இரண்டு பட்டியல் வைத்திருக்க வேண்டும். வேகமாகக் கற்போர், மெதுவாகக் கற்போர். ஆசிரியர் அறைப் பேச்சில், அட்வான்ஸ்டு லேர்னர், ஸ்லோ லேர்னர். மெதுவாகக் கற்போருக்குத் தனி வகுப்பு நடந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போடுவது பழைய முறை. புதிய முறை ஏதேனும் இருந்தால் நல்லது என்று இதற்காகக் கல்லூரி அமர்த்திய ஆலோசகர் சொல்லியிருந்தார்.

"மேடம், நாங்க ஊரெல்லாம் தேடிட்டு இருக்கறோம், நீங்க கமுக்கமா இதைச் செஞ்சுபோட்டு உக்காந்திருக்கறீங்க! ரோல் நம்பர் இருக்கு, அவங்களே கைப்பட எழுதியிருக்கறாங்க. இதை விட ஆதாரம் வேணுங்களா? இதைக் குடுங்க மேடம். உங்க பேரைப் போட்டே காட்டறேன்."

என்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்ன சொல் டெய்சியின் தொண்டை வரை வந்தது. ஆனால் பாலகோபால் கெட்டவர் அல்லர். டெய்சியின் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது, கேட்கும் முன்பே விடுப்புக்குக் கையெழுத்திட்டவர். தவிரவும், ஒன்பது ஆண்டுகளில் டெய்சியின் வேலையைப் பாராட்டி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. முகத்துக்கு நேரே மறுப்பது எப்படி?

"சரிங்க சார்," என்றார் டெய்சி.

நான்கு நாள் கழித்து, மாலையில், அலுவலக உதவியாளர் தட்டச்சு செய்த தாள்களோடு வந்தார். 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. வெளியே பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டெய்சி பதினொரு பக்கத்திலும் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு ஓடினார்.

மறுநாள் காலை பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருந்தது. கணக்கு எளிமையானது. பத்துக்கு மேற்பட்ட முறை 'புரியவில்லை' என்று எழுதியவர் மெதுவாகக் கற்போர், பத்தொன்பது பேர். ஒருமுறையும் எழுதாதவர் வேகமாகக் கற்போர். மெதுவாகக் கற்போரில் முதல் பெயர் கனிஷ்கா, முப்பத்தொரு சீட்டு. கல்லூரி முத்திரையுடன் பெற்றோருக்குக் கடிதம் போயிருந்தது. கைப்பேசியிலும் செய்தி போயிருந்தது. தனி வகுப்புக்குச் சம்மதம் தெரிவித்து நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

டெய்சி வகுப்புக்குள் நுழைந்ததும் மிதுன் எழுந்தான்.

"மேம், நான் அட்வான்ஸ்டு லேர்னராமுங்க! எங்கப்பாவுக்கு மெசேஜ் போயிருச்சு. டீ குடிச்சுட்டு இருந்தவரு, சிரிச்ச சிரிப்புல பொரையேறிருச்சுங்க."

அவன் சொல்லி முடித்துச் சுற்றிலும் பார்த்தான். வகுப்பு சிரிக்கவில்லை. அவனும் உட்கார்ந்துவிட்டான். கனிஷ்கா நோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

டெய்சி அப்படியே துறைத் தலைவர் அறைக்குப் போனார். பட்டியல் தலைகீழாக இருக்கிறது என்றும், அதிகம் கேட்டவர்கள்தான் அதிகம் கற்றவர்கள் என்றும் சொன்னார். அவர் இவ்வளவு வேகமாகப் பேசி பாலகோபால் கேட்டதில்லை.

"நீங்க சொல்றது நியாயமுங்க மேடம். நான் இல்லைங்கலை," என்றார் பாலகோபால். "ஆனா ஆன்லைன்ல ஏத்தியாச்சுங்களே. இனி ஒரு பேரை எடுத்தாலும் கணக்கு ஒத்துவராது. ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. கீழ உங்க கையெழுத்து வேற இருக்கு. ஒரு பட்டியல்தானே, நாலு வாரம் போனா யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?"

மூன்றாம் நாள், காங்கேயத்திலிருந்து கனிஷ்காவின் தந்தை அங்கப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, சலவை மடிப்புக் கலையாத சட்டை. ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க, டெய்சி மேடமுங்களா? நானு கனிஷ்காவோட அப்பனுங்க."

"உள்ள வாங்க. செருப்பைப் போட்டுட்டே வாங்க, உக்காருங்க."

"இருக்கட்டுமுங்க." அவர் நாற்காலி நுனியில் அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து கல்லூரிக் கடிதத்தை எடுத்து விரித்தார். "தப்பா நெனைக்காதீங்க அம்மணி. ஊட்டுல ரெண்டு வருசமா ஒரே பேச்சுங்க. அவ மாமனுக, சித்தப்பனுக எல்லாம், நல்ல எடம் வருது, எதுக்குப் படிப்புன்னாங்க. புள்ள கெட்டிக்காரி, படிக்கட்டும்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேனுங்க. இப்பக் காலேஜே சீல் போட்டு எழுதிக் குடுத்துருச்சுங்களே. இதைக் கையில வெச்சுட்டுப் பேசறாங்க. நான் என்னங்க பதில் சொல்றது?"

"அந்தக் கடிதம் தப்புங்க," என்றார் டெய்சி. "என் கிளாஸ்லயே உங்க பொண்ணுதான் கெட்டிக்காரி. அவ கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியலீங்க."

அங்கப்பன் முகத்தில் ஒரு கனிவு வந்தது. 

"உங்களுக்குப் பெரிய மனசுங்க அம்மணி. பெத்தவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. டீச்சருக்குத் தெரியாத கேள்வியை இந்தப் புள்ள கேட்டுருமுங்களா?"

"மனசு நோகக் கூடாதுன்னு சொல்லலீங்க. நெசமாத்தான் சொல்றேன்." டெய்சி மதிப்பெண் பதிவேட்டை எடுத்து அவர் முன் திருப்பி வைத்தார். "பாருங்க, அம்பதுக்கு நாப்பத்தாறு."

"மார்க்கு நல்லாத்தானுங்க இருக்குது." அவர் எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்புறம் எதுக்குங்க சீல் போட்டாங்க? இத்தனாம் பெரிய காலேஜ் தெரியாமயா போடும்?"

"நான்தாங்க தப்புப் பண்ணேன். யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொல்லி எழுத வாங்கினேன். அதைக் குடுத்துட்டேன். படிக்காம கையெழுத்தும் போட்டுட்டேன்."

அங்கப்பன் பதறி எழுந்தார். ஒரு பெண், அதுவும் ஆசிரியை, தம் முன்னால் இப்படித் தாழ்ந்து பேசுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அட, அப்படியெல்லாம் சொல்லாதீங்க! உங்களைக் குத்தம் சொல்ல வந்தனுங்களா நானு? நீங்க இத்தனை தூரம் எடுத்துச் சொன்னதே போதுமுங்க."

டெய்சி ஒரு தாள் எடுத்து, கனிஷ்காவின் அறிவைப் பற்றி அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தார். முத்திரை இல்லாத வெறும் தாள். அங்கப்பன் அதை நான்காக மடித்து, "பத்திரமா வெச்சுக்கறனுங்க," என்று பையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்றது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?" என்று டெய்சி கேட்டார்.

"புரிஞ்சுதுங்க அம்மணி," என்று கைகூப்பினார் அங்கப்பன்.

போகும் வழியில் அவர் அலுவலகத்துக்குச் சென்று, தனி வகுப்புக்கான சம்மதப் படிவத்தில் பொறுமையாகக் கையெழுத்திட்டார். அழைத்த காரியத்தைச் செய்யாமல் போவது மரியாதை அல்லவே. பிறகு விடுதிக்குப் போய் மகளைப் பெட்டி கட்டச் சொன்னார்.

டெய்சி விடுதிக்கு ஓடியபோது கனிஷ்கா படிக்கட்டில் பெட்டியுடன் நின்றிருந்தாள். தந்தை ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். 

"என்மேல கோவமா, கண்ணு?"

"இல்லீங்க மேம். நீங்க கேட்டீங்க, எழுதுனேனுங்க." அவள் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினாள், மடக்கினாள். "இன்னைக்குக்கூட ஒண்ணு இருந்துச்சுங்க மேம். போன கிளாஸ்ல இருந்தே."

"என்னது? சொல்லு."

கனிஷ்கா வாய் திறந்தாள். சாலை வளைவில் ஆட்டோ வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லீங்க மேம். எல்லாம் புரிஞ்சுதுங்க," என்றாள். "போயிட்டு வாரேனுங்க."

அக்டோபரில் மதிப்பீட்டுக் குழு வந்தது. ரஸ்க் டப்பாவை வெள்ளைத் துணி விரித்த மேசை மேல் வைத்திருந்தார்கள். குழுவினர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எளிமையான, சிறப்பான முறை என்று பாராட்டினார். டெய்சியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வாரத்திலிருந்து எல்லாத் துறைகளிலும் எல்லா வகுப்புகளிலும் சீட்டு முறை கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்தது. புதிய டப்பாக்கள் வாங்கப்பட்டன.

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு, 'பி' பிரிவில் தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு. டெய்சி சாக்கட்டியைக் கீழே வைத்தார். கேட்க வேண்டாம் என்று எண்ணியிருந்தும், ஒன்பது ஆண்டுப் பழக்கம் கேட்டுவிட்டது.

"புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க மேம்!"

புதிய டப்பா சுற்றி வந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாம் புரிந்தது, நன்றி. எல்லாம் புரிந்தது, நன்றி. ஒரு சீட்டில் மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. ரோல் நம்பர் மட்டும் இருந்தது. மிதுனுடையது. டெய்சி நிமிர்ந்து பார்த்தபோது அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கனிஷ்காவுக்கு ஜனவரியில் நிச்சயம் ஆயிற்று என்று விடுதித் தோழி ஒருத்தி சொன்னாள். டெய்சி எழுதிக் கொடுத்த தாளை வீட்டில் யாரேனும் படித்தார்களா என்று தெரியவில்லை.

இழந்தவை இவை. இரண்டாம் ஆண்டு 'பி' பிரிவில் மாணவி ஒருவர். வருகைப் பதிவேட்டில் இருபத்து மூன்றாம் எண்ணுக்கு நேரே சிவப்புக் கோடு. முப்பத்தைந்து வகுப்பு நாட்களில் வந்த 'புரியவில்லை' என்ற சீட்டுகள் நானூற்றுத் தொண்ணூற்றாறு. பட்டியலுக்குப் பின் வந்தவை, இல்லை. திட்டவிலக்கக் கணக்கை எழுதாமல் விட்டவர்கள் நடுவில் நடந்த தேர்வில் ஒன்பது. கடைசித் தேர்வில் முப்பத்தேழு. ஓர் ஆசிரியை கொடுத்த வாக்கு, ஒன்று. விடுதிப் படிக்கட்டில் கேட்கப்படாமல் போன கேள்வி, ஒன்று. அது என்னவென்று தெரியாது. ரஸ்க் டப்பா ஒன்று. அது ஆவண அறையில் இருக்கிறது, கையெழுத்திட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.